குவாண்டம் புள்ளியியல் இயக்கவியலில் சமநிலைச் சராசரியைக் கணக்கிடுதல்: குழுமத் தேர்விலிருந்து சரிபார்ப்பு வரை

குவாண்டம் இயக்கவியலை ஒரு பருவம் படித்து முடித்து, வெப்பநிலையுடன் கூடிய கணக்கு ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில்தான் நேர்கிறது. பகிர்வுச் சார்பின் (எல்லா நிலைகளின் வெப்ப எடைகளையும் கூட்டிய தொகையின்) சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் எதை இடுவது என்று பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் அந்தச் சூத்திரம் ஏழாவது படியில்தான் வருகிறது.

எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன்: காப்பர் அசிட்டேட் படிகம். இதில் செம்பு அயனிகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கின்றன. ஒவ்வோர் அயனிக்கும் ஸ்பின் 1/2 உண்டு. இணையிலுள்ள இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் நிறுத்த முயல்கின்றன. அடுத்தடுத்த இணைகளுக்கு இடையிலான தாக்கம் மிகச் சிறியது என்பதால் ஓர் இணையைக் கணக்கிட்டாலே படிகத்தைக் கணக்கிட்டதாகும். இதற்கான காந்த ஏற்புத்திறன் (சிறு காந்தப் புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) சமன்பாட்டை பிளீனியும் பவர்ஸும் 1952-இல் தந்தார்கள்; நான்கே நிலைகள் கொண்ட கணக்கு என்றாலும், பெரிய கணக்குகளில் வரும் பிழைகளில் பல இதிலேயே தலைகாட்டுகின்றன.

1. தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

ஹெர்மிட்டியன் அணியின் ஐகன்மதிப்புகளையும் ஐகன்திசையன்களையும் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையாகிய சுவடு, எந்த அடிப்படையில் எழுதினாலும் மாறாது என்பது மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பின்வரும் படிகளில் பல அந்த ஒரு பண்பின் மேல்தான் நிற்கின்றன.

இரண்டு சொற்களை இங்கேயே வரையறுத்துக்கொள்கிறேன். போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிக் கிடைப்பது ‘வெப்ப ஆற்றல்’. இரண்டு மட்டங்களுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளியை வெப்ப ஆற்றலால் வகுத்துக் கிடைப்பது ‘இடைவெளி விகிதம்’. இந்த விகிதத்துக்கு அலகு இல்லை. அடுக்குக்குறிச் சார்பை ‘அடுக்கு(...)’ என்று எழுதுகிறேன்.

2. எது மாறாதது, எது பரிமாறப்படுவது என்று முதலில் வாக்கியமாக எழுதுங்கள்

குழுமம் என்பது, நமக்குத் தெரிந்த சில பெரும அளவுகளுக்குப் பொருந்தும் எல்லா நுண்நிலைகளையும் உரிய எடைகளோடு சேர்த்த தொகுப்பு. ஆகவே எந்தக் குழுமம் என்பதைச் சோதனையின் அமைப்பே முடிவு செய்கிறது. அமைப்பு முற்றிலும் தனித்திருந்து அதன் ஆற்றல் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நிலைத்திருந்தால் நுண்நியமக் குழுமம். சூழலோடு ஆற்றலை மட்டும் பரிமாறிக்கொண்டால் நியமக் குழுமம். ஆற்றலோடு துகள்களையும் பரிமாறிக்கொண்டால் பெருநியமக் குழுமம்.

காப்பர் அசிட்டேட் படிகத்தில் செம்பு அயனிகள் எங்கும் போவதில்லை. ஸ்பின்கள் படிக அதிர்வுகளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்கின்றன. எனவே நியமக் குழுமம். இந்த இரண்டு வரிகளை ஏட்டில் எழுதிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். எழுதாதவர்கள், துகள் பரிமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேதியியல் நிலையாற்றலைத் தேவையில்லாத இடத்தில் நுழைத்துவிட்டு, அதன் மதிப்பு என்ன என்று பிறகு தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த நிலை எந்த நிகழ்தகவோடு வருகிறது என்பதைத் தாங்கும் அணியே அடர்த்தி அணி; சமநிலையில் அது காலத்தோடு மாறக்கூடாது. அப்படியென்றால் அது ஆற்றலின் செயலியாகிய ஹாமில்டோனியனோடு இடமாற்றுப் பண்பு உடையதாக, அதாவது எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒரே விடை தருவதாக இருக்க வேண்டும். ஆகையால் ஹாமில்டோனியனோடு இடமாறும் மாறா அளவுகள் அனைத்தையும் பட்டியலிடுவதும் இந்தப் படியின் வேலைதான். நம் இணையில் மொத்த ஸ்பினும் அதன் ஓர் அச்சுக் கூறும் மாறாதவை. ஒருபரிமாணத்தில் ஒன்றோடொன்று மோதும் குளிர் அணுக்கள் போன்ற சில அமைப்புகளில் மாறா அளவுகள் ஏராளமாக இருக்கும். தனித்து விடப்பட்ட அத்தகைய அமைப்பை வெப்பநிலை என்ற ஒரே எண்ணால் விவரித்துவிட முடியாது. இந்தப் பட்டியலை விட்டுவிட்டு நியமக் குழுமத்தை இட்டால், கணக்கு ஒழுங்காக முடியும். விடை மட்டும் சோதனையோடு ஒத்துப்போகாது.

3. ஹாமில்டோனியனை, குறியும் காரணியும் தெளிவாகத் தெரியும்படி எழுதுங்கள்

இணையின் ஹாமில்டோனியன்: இடைவினை மாறிலி × (முதல் ஸ்பின் · இரண்டாம் ஸ்பின்). மாறிலி நேர்ம எண் என்றால் எதிர்த்திசை அமைவுக்குக் குறைந்த ஆற்றல். இந்த வடிவில் மாறிலியும் மட்ட இடைவெளியும் ஒன்றே.

வேதியியல் கட்டுரைகளில் இதே ஹாமில்டோனியனை ‘−2 × மாறிலி × உட்பெருக்கம்’ என்றும், ‘−மாறிலி × உட்பெருக்கம்’ என்றும் எழுதும் வழக்கங்கள் உண்டு. ஒரு கட்டுரையிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து வேறொரு வடிவில் இட்டால் இடைவெளி இருமடங்காகும், அல்லது பாதியாகும், அல்லது குறி மாறி அடிமட்டமே தலைகீழாகும். மாறிலியைக் கடன் வாங்காமல் இடைவெளியைக் கடன் வாங்குங்கள். இடைவெளி எந்த வழக்கத்திலும் ஒன்றுதான். காப்பர் அசிட்டேட்டுக்கு அது சுமார் 285 செ.மீ.⁻¹.

இன்னொரு காரணிப் பிழை: ஸ்பின் செயலிக்குப் பதிலாக பௌலி அணிகளை அப்படியே இடுவது. ஸ்பின் செயலி என்பது பௌலி அணியில் பாதி. இரண்டு செயலிகளின் பெருக்கம் என்பதால் பிழை நான்கு மடங்காகிவிடும்.

4. நிலைகளை எண்ணுங்கள்

இரண்டு ஸ்பின்களுக்கு நான்கு அடிப்படை நிலைகள்: இரண்டும் மேல், மேல்-கீழ், கீழ்-மேல், இரண்டும் கீழ். இங்கே ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது: படிகத்தில் உள்ள கோடிக்கணக்கான இணைகளும் ஒரே மாதிரியானவை ஆயிற்றே, இணைகளின் எண்ணிக்கையின் காரணீயத்தால் (1 × 2 × 3 × ... என்ற பெருக்கத்தால்) வகுக்க வேண்டாமா? வேண்டாம். ஒவ்வோர் இணையும் படிகத்தில் தனக்கென்று ஓர் இடத்தில் அமர்ந்திருக்கிறது; அந்த இடமே அதன் அடையாளம். ஆகவே மொத்தப் பகிர்வுச் சார்பு, ஓர் இணையின் பகிர்வுச் சார்பை இணைகளின் எண்ணிக்கை அளவு அடுக்காக உயர்த்தியது மட்டுமே.

இடம் விட்டு இடம் ஓடும் துகள்களுக்கு நிலைமை வேறு. இரண்டு துகள்கள், இரண்டு ஒற்றைத்துகள் நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபடுத்தக்கூடிய துகள்களுக்கு 4 நிலைகள், போசான்களுக்கு 3, ஒரே ஸ்பின் திசை கொண்ட ஃபெர்மியான்களுக்கு 1. நான்கை இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 2 என்பது இவற்றில் எதுவுமில்லை. காரணீயத்தால் வகுக்கும் வழி, நிலைகள் மிகப் பலவாகவும் துகள்கள் மிகச் சிலவாகவும் இருக்கும்போது பொருந்தும் தோராயம். தாழ்வெப்பநிலையில் அதை இடுவது பிழை.

5. அலகுகளை ஒரே இடத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள்

போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின். 2019 முதல் இது வரையறுக்கப்பட்ட, பிழையில்லா எண். அலை எண் அலகில் அது சுமார் 0.695 செ.மீ.⁻¹/கெல்வின். 285-ஐ 0.695-ஆல் வகுத்தால் 410 கெல்வின். இனிமேல் எல்லா ஆற்றல்களையும் கெல்வினில் வைத்துக்கொண்டால், இடைவெளி விகிதம் என்பது 410-ஐ வெப்பநிலையால் வகுப்பது மட்டுமே. 300 கெல்வினில் அது 1.367.

சூத்திரத்தின் நடுவே அலகு மாற்றம் செய்பவர்கள் பத்தின் அடுக்கில் தவறுகிறார்கள். பிழை அடுக்குக்குறிச் சார்புக்குள் புகுந்துவிட்டால் விடை சுழியாகவோ முடிவிலியாகவோ வந்து நிற்கும். அப்படி வருவதே நல்லது. பிழை உடனே தெரிந்துவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பிழைகள்தான் ஒளிந்துகொள்ளும்.

6. ஐகன்மதிப்புகளும் மடங்கெண்களும்

நான்கு அடிப்படை நிலைகளில் அணியை எழுதினால், இடைவினை மாறிலியை அலகாகக் கொண்டு, மூலைவிட்டத்தில் 1/4, −1/4, −1/4, 1/4. நடுவிலுள்ள இரண்டு நிலைகளை இணைக்கும் உறுப்பு 1/2. ஐகன்மதிப்புகள்: −3/4 ஒருமுறை, 1/4 மூன்று முறை. முதலாவது ஒற்றை நிலை. மற்றவை மும்மை நிலைகள்.

ஆற்றல் மட்டம் வேறு, நிலை வேறு. ஒரு மட்டத்தில் எத்தனை நிலைகள் இருக்கின்றனவோ அதுவே அதன் மடங்கெண். சராசரி எடுப்பது எப்போதும் நிலைகளின் மேல்தான். இங்கே மும்மை மட்டத்தின் மடங்கெண் மூன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த படியில் எண்ணாகவே பார்க்கலாம்.

கணினியில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. ஹெர்மிட்டியன் அணிகளுக்கென்று உள்ள தனி நிரலையே பயன்படுத்துங்கள். எந்தச் சதுர அணியையும் ஏற்கும் பொது நிரல், ஒரே ஐகன்மதிப்பு கொண்ட நிலைகளுக்குச் செங்குத்தாக அமையாத திசையன்களைத் தரக்கூடும். ஐகன்மதிப்புகள் சரியாக இருக்கும். பகிர்வுச் சார்பும் சரியாக இருக்கும். அந்தத் திசையன்களைக் கொண்டு எடுக்கும் சராசரிகள் மட்டும் தவறும். இதைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் முன்னதாகவே தவிர்த்துவிடுவது நல்லது.

7. எடைகளும் பகிர்வுச் சார்பும்

நியமக் குழுமத்தில் ஒரு நிலையின் எடை அடுக்கு(−ஆற்றல் ÷ வெப்ப ஆற்றல்). எல்லா எடைகளின் கூட்டுத்தொகை பகிர்வுச் சார்பு. எடையைப் பகிர்வுச் சார்பால் வகுத்தால் நிகழ்தகவு. அணி வடிவில், அடர்த்தி அணி = அடுக்கு(−ஹாமில்டோனியன் ÷ வெப்ப ஆற்றல்) ÷ பகிர்வுச் சார்பு.

எடை கணக்கிடும் முன் எல்லா ஆற்றல்களிலிருந்தும் அடிமட்ட ஆற்றலைக் கழித்துவிடுங்கள். நிகழ்தகவுகள் இதனால் மாறுவதில்லை. பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் ஒரே காரணி நீங்குகிறது. காரணம் முற்றிலும் நடைமுறை சார்ந்தது. நம் அடிமட்டம் −307.5 கெல்வினில் இருக்கிறது. வழக்கமான இரட்டைத் துல்லிய எண்களில் அடுக்குக்குறிச் சார்பின் உள்ளீடு 709-ஐச் சற்றுத் தாண்டினாலே எண் வழிந்துவிடும். எனவே 0.43 கெல்வினுக்குக் கீழே நிரல் முடிவிலியை முடிவிலியால் வகுத்துப் பொருளற்ற விடையைத் தரும். அடிமட்டத்தைக் கழித்த பிறகு மிகப்பெரிய எடை 1. மற்றவை சுழியை நோக்கிக் குறையும். எந்த வெப்பநிலையிலும் சிக்கல் இல்லை.

300 கெல்வினில்: அடுக்கு(−1.367) = 0.255. பகிர்வுச் சார்பு = 1 + 3 × 0.255 = 1.765. ஒற்றை நிலையின் நிகழ்தகவு 0.567, மும்மை நிலைகள் மூன்றுக்கும் சேர்த்து 0.433. மடங்கெண்ணை விட்டிருந்தால் இரண்டாவது எண் 0.203 என்று பாதிக்கும் குறைவாக வந்திருக்கும். திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினில் மும்மை நிலைகளின் பங்கு 1.4 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே படிகம் ஏறத்தாழக் காந்தத் தன்மை இழந்து நிற்கிறது.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் மிகப் பரவலான பிழை, அணியின் அடுக்குக்குறிச் சார்பை உறுப்பு உறுப்பாக எடுப்பது. பைத்தானில் நம்பை நூலகத்தின் ‘எக்ஸ்ப்’ கட்டளை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே அடுக்கு எடுக்கிறது. அணியின் அடுக்குக்கு சைபை நூலகத்தில் ‘எக்ஸ்ப்எம்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. முதலாவதை இட்டால், சுழியாக இருந்த உறுப்புகள் எல்லாம் ஒன்றாகிவிடும். சுவட்டில் மூலைவிட்டம் மட்டுமே எஞ்சும். இரண்டு ஸ்பின்களையும் குவாண்டம் முறையில் பிணைக்கும் அந்த 1/2 என்ற உறுப்பு கணக்கிலேயே வராது. 300 கெல்வினில் அடிமட்டத்தைக் கழிக்காத பகிர்வுச் சார்பு சரியாக 4.92, உறுப்பு உறுப்பாக எடுத்தால் 4.24. வேறுபாடு கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிதாக இல்லாததால்தான் இந்தப் பிழை பல நாள் பிழைத்திருக்கிறது. ஐகன்மதிப்புகளை முன்பே கண்டுவிட்டவர்களுக்கு அணியின் அடுக்கே தேவையில்லை. அந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

8. சராசரி எடுத்தல்

ஓர் அளவின் சமநிலைச் சராசரி, அதன் செயலியை அடர்த்தி அணியோடு பெருக்கி எடுத்த சுவடு. ஆற்றல் நிலைகளின் அடிப்படையில், ஒவ்வொரு நிலையிலும் அந்தச் செயலியின் மூலைவிட்ட உறுப்பை எடுத்து, நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுவதே அது.

இதில் இரண்டு வகைச் சராசரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. ஒரு நிலைக்குள்ளேயே குவாண்டம் இயக்கவியல் தரும் சராசரி ஒன்று. எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாததால் வரும் சராசரி மற்றொன்று. சுவடு இரண்டையும் ஒரே வீச்சில் எடுத்துவிடுகிறது. நிலைத்திசையன்களையே எடைபோட்டுக் கூட்டி ஒரு ‘சராசரி நிலை’ செய்து, அதில் அளவைக் கணக்கிட முயல்பவர்கள் உண்டு. அது தவறு: திசையன்களின் கட்டம் நம் விருப்பத்துக்கு உட்பட்டது, அதை மாற்றினால் விடையும் மாறிவிடும். கூட்ட வேண்டியது நிகழ்தகவுகளால் எடையிட்ட எதிர்பார்ப்பு மதிப்புகளை மட்டுமே.

எடுத்துக்காட்டாக இரண்டு ஸ்பின்களின் உட்பெருக்கம்: ஒற்றை நிலையில் −3/4, மும்மை நிலைகளில் 1/4. 300 கெல்வினில் சராசரி = −0.75 × 0.567 + 0.25 × 0.433 = −0.317. அறை வெப்பநிலையிலும் ஸ்பின்களுக்கு இடையே எதிர்த்திசைத் தொடர்பு கணிசமாக எஞ்சியிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. புலம் இல்லாதபோது காந்தத்திருப்புத்திறனின் சராசரி சுழி. முடிவுள்ள எந்த அமைப்பிலும், மேல்-கீழ் சமச்சீர் குலையாதவரை, அது சுழியாகத்தான் வரும். இதைக் கண்டு ‘ஒழுங்கு இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வர்க்கத்தின் சராசரியையோ தொலைவில் உள்ள இரண்டு ஸ்பின்களின் தொடர்பையோ பார்க்க வேண்டும்.

9. ஏற்புத்திறன்களும் ஏற்ற இறக்கங்களும்

வெப்பக் கொள்ளளவுக்கு ஆற்றலின் ஏற்ற இறக்கம் போதும்: ஆற்றல் வர்க்கத்தின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, போல்ட்ஸ்மன் மாறிலியாலும் வெப்பநிலையின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். இரு மட்ட அமைப்பில் அது எளிய வடிவம் பெறுகிறது: இரண்டு மட்டங்களின் நிகழ்தகவுகள் × இடைவெளி விகிதத்தின் வர்க்கம். 300 கெல்வினில் 0.567 × 0.433 × 1.868 = 0.459, போல்ட்ஸ்மன் மாறிலியின் அலகில். இதன் உச்சம் இடைவெளியின் 0.35 மடங்கு வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 144 கெல்வினில் வருகிறது. அங்கே மதிப்பு 1.02.

காந்த ஏற்புத்திறனில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு அயனிகளின் காந்தக் காரணியும் (ஸ்பினைக் காந்தத்திருப்புத்திறனோடு இணைக்கும் எண்) ஒன்றே என்றால், மொத்தக் காந்தத்திருப்புத்திறன் ஹாமில்டோனியனோடு இடமாறும். அப்போது ஏற்புத்திறன் = காந்தத்திருப்புத்திறனின் ஏற்ற இறக்கம் ÷ வெப்ப ஆற்றல். ஒற்றை நிலையின் பங்கு சுழி. மும்மை நிலைகளில் இரண்டு மட்டுமே பங்களிக்கின்றன. விடை 2 ÷ (3 + அடுக்கு(இடைவெளி விகிதம்)) என்பதற்கும் வெப்பநிலையின் தலைகீழுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. பிளீனி–பவர்ஸ் சமன்பாடு இதுவே. இடைவெளி விகிதம் 1.604 ஆகும் இடத்தில் உச்சம்; 410-ஐ 1.604-ஆல் வகுத்தால் 256 கெல்வின். அளவீடுகளில் உச்சம் அந்த அருகில்தான் தென்படுகிறது.

அளக்கும் செயலி ஹாமில்டோனியனோடு இடமாறாவிட்டால் மேற்கண்ட ஏற்ற இறக்க விதி பொய்த்துவிடும். காரணம் இதுதான்: பகிர்வுச் சார்பின் மடக்கையை ஒருமுறை வகையிட்டால் சுவட்டின் வட்டப் பண்பு (பெருக்கத்தின் கடைசி அணியை முன்னே கொண்டுவந்தாலும் சுவடு மாறாமை) நம்மைக் காப்பாற்றுகிறது, செயலிகள் இடமாறாவிட்டாலும் முதல் வகைக்கெழு சரியாகச் சராசரியைத் தருகிறது, இரண்டாம் முறை வகையிடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓர் எளிய சோதனை: ஒரே ஒரு ஸ்பின், ஓர் அச்சில் நிலையான புலத்தில், மட்டங்கள் பிரிந்து நிற்கிறது. அதற்குச் செங்குத்தான திசையில் சிறு புலம் இட்டு ஏற்புத்திறனைக் கேட்கிறோம். ஏற்ற இறக்க விதியை அப்படியே இட்டால், வெப்பநிலை குறையக் குறைய விடை முடிவிலியை நோக்கி ஓடும். சரியான விடையோ, திருப்புத்திறன் உறுப்பின் வர்க்கத்தின் இருமடங்கை இடைவெளியால் வகுத்த மதிப்பில் வந்து நின்றுவிடும். வெப்பநிலை உயர்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், உயர்வெப்பநிலையில் மட்டும் சரிபார்ப்பவர் ஏமாறுவார்.

இந்த வெப்பநிலை சாராத பங்கு வெறும் பயிற்சிக் கணக்கில் மட்டும் வருவதன்று. செம்புச் சேர்மங்களின் அளவீடுகளை ஆராய்பவர்கள் ஓர் அயனிக்குச் சுமார் 60 × 10⁻⁶ செ.மீ.³/மோல் என்ற நிலையான பங்கை வழக்கமாகச் சேர்ப்பது இதே காரணத்தால்தான்: உயர்ந்த மட்டங்களோடு காந்தப் புலம் ஏற்படுத்தும் கலப்பு. ஐயம் இருந்தால், ஹாமில்டோனியனில் சிறு புலத்தைச் சேர்த்து, முழுக் கணக்கையும் இரண்டு புல மதிப்புகளில் செய்து, திருப்புத்திறன் சராசரியின் வேறுபாட்டைப் புல வேறுபாட்டால் வகுத்துவிடுங்கள். அழகில்லாத வழி, ஆனால் இடமாறுகிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் சம வெப்பநிலை ஏற்புத்திறனைத் தந்துவிடும்.

10. சரிபார்ப்பு

பின்வருவனவற்றில் எதையும் விட வேண்டாம்; ஒவ்வொன்றும் வேறுவேறு பிழையைப் பிடிக்கிறது.

நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றா? இது எளியது, பயனும் குறைவு; மடங்கெண்ணை விட்டுவிட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரும்.

மிக உயர்ந்த வெப்பநிலையில் எல்லா நிலைகளும் சம நிகழ்தகவு பெறும். ஸ்பின்களின் உட்பெருக்கச் சராசரி சுழியை நோக்கிச் செல்ல வேண்டும்: −3/4 ஒருமுறை, 1/4 மும்முறை, கூட்டினால் சுழி. மடங்கெண் பிழையை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

என்ட்ரோப்பி = பகிர்வுச் சார்பின் மடக்கை + ஆற்றல் சராசரி ÷ வெப்ப ஆற்றல், போல்ட்ஸ்மன் மாறிலியின் அலகில். 300 கெல்வினில், அடிமட்டத்தைச் சுழியாகக் கொண்டு, 0.568 + 0.592 = 1.16. உயர்வெப்பநிலையில் இது 4-இன் இயல் மடக்கையான 1.386-ஐத் தாண்டாமல் அணுக வேண்டும். தாழ்வெப்பநிலையில் சுழிக்குச் செல்ல வேண்டும். பகிர்வுச் சார்பில் அடிமட்டத்தைக் கழித்துவிட்டு ஆற்றல் சராசரியில் கழிக்க மறந்தால், தாழ்வெப்பநிலையில் என்ட்ரோப்பி எதிர்மமாகி எல்லையின்றி இறங்கும்.

ஆற்றலை வெப்பநிலையால் எண்முறையில் வகையிட்டுக் கிடைக்கும் வெப்பக் கொள்ளளவு, ஏற்ற இறக்கத்திலிருந்து கிடைத்ததோடு ஒத்துப்போக வேண்டும்.

நேரம் இருந்தால் நுண்நியமக் குழுமத்திலும் ஒருமுறை செய்து பாருங்கள். பல இணைகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலானவை மும்மை மட்டத்தில் இருக்கும் வழிகளை எண்ணி (எந்த இணைகள் என்ற தேர்வு ஒருபுறம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்ற பெருக்கம் மறுபுறம்), அதன் மடக்கையை ஆற்றலால் வகையிட்டால் வெப்பநிலை கிடைக்கும். அதிலிருந்து மும்மை மட்டத்தின் பங்கு 3 ÷ (3 + அடுக்கு(இடைவெளி விகிதம்)) என்று வரும். ஏழாம் படியின் விடையும் அதுவே. குழுமங்கள் ஒத்துப்போகின்றன என்ற கூற்றைச் சொந்தக் கையால் கண்டுகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

11. துகள்களும் பரிமாறப்படும்போது

பெருநியமக் குழுமத்தில் எடைக்குள் ஆற்றலுக்குப் பதிலாக, ஆற்றலிலிருந்து வேதியியல் நிலையாற்றல் × துகள் எண்ணிக்கையைக் கழித்தது வருகிறது. ஒன்றோடொன்று தாக்காத துகள்களுக்கு ஒவ்வோர் ஒற்றைத்துகள் நிலையும் தனித்தனியே பிரிந்து, ஃபெர்மி–டிராக், போஸ்–ஐன்ஸ்டீன் பரவல்கள் கிடைக்கின்றன. இந்த வசதிக்காகத்தான், துகள் எண்ணிக்கை நிலையாக உள்ள பெரிய அமைப்புகளுக்கும் பெருநியமக் குழுமத்தைப் பயன்படுத்துகிறோம். வசதிக்குப் பயன்படுத்துவதற்கும் அமைப்புக்குப் பொருந்துவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு.

ஒரே ஃபெர்மியான், இரண்டு மட்டங்கள், இடைவெளி விகிதம் 4. துகள் எண்ணிக்கை உறுதியாக ஒன்று என்றால், மேல் மட்டத்தில் இருக்கும் நிகழ்தகவு 1 ÷ (அடுக்கு(4) + 1) = 0.018. பெருநியமக் குழுமத்தில் சராசரித் துகள் எண்ணிக்கை ஒன்றாகும்படி வேதியியல் நிலையாற்றலைத் தேர்ந்தால் அது இடைவெளியின் நடுவில் வந்து நிற்கும்; மேல் மட்டத்தின் நிரப்பம் 1 ÷ (அடுக்கு(2) + 1) = 0.119. ஆறு மடங்குக்கு மேல் வேறுபாடு. பெருநியமக் குழுமம் துகளே இல்லாத நிலையையும் இரண்டு துகள்கள் உள்ள நிலையையும் சேர்த்து எண்ணுவதே காரணம். துகள்கள் பெருகும்போது இந்த வேறுபாடு மறைகிறது. சில எலக்ட்ரான்கள் மட்டுமே அடைபட்ட குவாண்டம் புள்ளி போன்ற அமைப்பில் மறைவதில்லை.

போசான்களில் வேதியியல் நிலையாற்றல் அடிமட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். அதை எண்முறையில் தேடும் நிரல் அடிமட்டத்தைத் தாண்டித் தாவினால் நிரப்ப எண்கள் எதிர்மமாகும். போஸ்–ஐன்ஸ்டீன் உறைவுக்குக் கீழே, பெருநியமக் குழுமம் அடிமட்டத்தின் துகள் எண்ணிக்கைக்குச் சராசரியின் அளவுக்கே ஏற்ற இறக்கம் தருகிறது. அடைப்புக்குள் துகள் எண்ணிக்கை நிலையாக உள்ள வாயுவில் அப்படி நிகழ்வதில்லை. சராசரி ஒத்துப்போனாலும் ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

வெப்பக் கொள்ளளவை வகையிடும்போது எதை மாறாமல் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். வேதியியல் நிலையாற்றல் மாறாமல் வகையிட்டதும், துகள் எண்ணிக்கை மாறாமல் வகையிட்டதும் வேறுவேறு எண்கள். சோதனை பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அளக்கிறது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் வேதியியல் நிலையாற்றலைப் புதிதாகக் கண்டு, பிறகு ஆற்றலை வகையிட வேண்டும்.

12. நிலைகள் பெருகும்போது

ஸ்பின் 1/2 கொண்ட 14 தளங்களுக்கு 16,384 நிலைகள். அந்த அளவு சதுர அணியை இரட்டைத் துல்லியத்தில் வைக்க 2 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் தேவை. 16 தளங்களுக்கு 34 ஜிகாபைட். இங்கேதான் இரண்டாம் படியில் எழுதிய மாறா அளவுகளின் பட்டியல் கைகொடுக்கிறது. மொத்த ஸ்பினின் அச்சுக் கூறு வாரியாக அணியைத் துண்டுகளாகப் பிரித்தால், 14 தளங்களுக்கு மிகப் பெரிய துண்டு 3,432 நிலைகள். 16 தளங்களுக்கு 12,870. துண்டு துண்டாக ஐகன்மதிப்புகளைக் கண்டு, எல்லாத் துண்டுகளின் எடைகளையும் கூட்ட வேண்டும். அடிமட்டத்தைக் கழிக்கும்போது, எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான அடிமட்டத்தைக் கழியுங்கள். ஒவ்வொரு துண்டின் சொந்த அடிமட்டத்தைக் கழித்தால் எடைகளுக்கு இடையிலான ஒப்பீடு குலைந்துவிடும்.

அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் முழுச் சுவட்டைக் கைவிட்டு, தற்செயலாகத் தேர்ந்த சில திசையன்களின் மேல் எடுத்த சராசரியால் அதை மதிப்பிடலாம். நிலைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இந்த மதிப்பீட்டின் பிழை குறைகிறது என்பது இதன் பலம். வெப்பநிலை தாழும்போது பங்களிக்கும் நிலைகள் குறைந்து, பிழை மறுபடி பெரிதாகும். ஆகவே இந்த முறையில் வரும் ஒவ்வொரு சராசரியோடும், வெவ்வேறு தற்செயல் திசையன்களுக்கு இடையே விடை எவ்வளவு சிதறுகிறது என்பதையும் வெப்பநிலை வாரியாகச் சேர்த்து வரையுங்கள். சிதறல் சராசரியின் அளவை எட்டும் வெப்பநிலைக்குக் கீழே உள்ள புள்ளிகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.